காண்போர் வெகுளியும் கதையின் சாய்வும்: ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் ஸ்கைலர் வைட் பாத்திரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2008 முதல் 2013 வரை ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ என்னும் குற்றவியல் தொடரில், போதைப்பொருள் தயாரித்துக் கொலைகளும் செய்யும் கணவனைக் காட்டிலும் அவனைத் தடுக்க முயலும் மனைவி ஸ்கைலர் வைட் பார்வையாளர் பலரின் வெறுப்புக்கு ஆளானாள். இவ்வெறுப்பைப் பாத்திரத்தின் குறையாகக் காண்போரும் உளர். பார்வையாளரின் பெண்வெறுப்பாகக் காண்போரும் உளர். இவ்விரு விளக்கங்களும் தனித்தனியே போதுமானவையல்ல என்றும், உணர்வையும் அறிவையும் பாத்திரங்களுக்கிடையே தொடர் பகிர்ந்தளித்த முறையே இவ்வெறுப்புக்கு இடந்தந்தது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளில் காணப்படும் காண்போர் பற்றிய விவாதமும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குற்றவியல் தொடர், எதிர்நாயகன், காண்போர், மெய்ப்பாடு, இளிவரல், பெருமிதம், பெண் பாத்திரம்.

முன்னுரை

கதை மாந்தர்மீது காண்போர் கொள்ளும் விருப்பும் வெறுப்பும் கலை அனுபவத்தின் இயல்பான கூறுகள். தீயவனை வெறுப்பதும் நல்லவனுக்காக இரங்குவதும் எளிதில் விளங்குபவை. தீமை செய்பவனை விரும்பி, அத்தீமைக்கு இரையானவரை வெறுக்கும் நிலை தோன்றும்போதுதான் திறனாய்வுக்கு வேலை எழுகிறது. ‘பிரேக்கிங் பேட்’ தொடர் அத்தகைய நிலைக்கு நன்கு அறியப்பட்ட சான்றாகும்.

வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய இத்தொடர் ஏஎம்சி அலைவரிசையில் 2008 சனவரி 20 அன்று தொடங்கி 2013 செப்டம்பர் 29 அன்று நிறைவுற்றது. ஐந்து பருவங்கள், 62 அத்தியாயங்கள் கொண்ட இதன் கதைக்களம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரம். நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளான வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், தன் மறைவுக்குப் பின் குடும்பத்திற்குப் பணம் வேண்டும் என்று கூறிக்கொண்டு மெத்தம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறான். சாதுவான ஓர் ஆசிரியனைக் கொடிய குற்றத் தலைவனாக மாற்றிக் காட்டுவதே தன் நோக்கம் எனக் கில்லிகன் பலமுறை விளக்கியுள்ளார். வால்டராகப் பிரையன் கிரான்ஸ்டனும் அவன் மனைவி ஸ்கைலராக அன்னா கன்னும் நடித்தனர்.

ஸ்கைலர்மீது எழுந்த வெறுப்பு கதையின் எல்லையைக் கடந்தது. 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் அன்னா கன் எழுதிய கட்டுரை, பாத்திரத்தின்மீதான பகைமை தம்மீதே திரும்பியதையும், தமக்கு உயிரச்சம் ஏற்படும் அளவுக்குச் சில சொற்கள் சென்றதையும் பதிவுசெய்தது. ஆகவே ஒரு பாத்திரத்தைப் பற்றிய காண்போர் கருத்து எவ்வாறு உருவாகிறது என்னும் வினா வெறும் சுவை வேறுபாட்டைப் பற்றிய வினாவன்று.

இளிவரலிலிருந்து பெருமிதத்திற்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுக்கிறது. இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் பிறக்கும். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பிறக்கும். இவ்வகைப்பாடு செய்யுளை நோக்கி எழுந்தது. எனினும் வால்டரின் கதைப்போக்கை விளக்க இது பெரிதும் துணைசெய்கிறது.

முதல் அத்தியாயம் வால்டரை இளிவரலின் நான்கு களன்களிலும் ஒருசேர நிறுத்துகிறது. அன்று அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாள். இருமல் நோயின் அறிகுறியாக வளர்கிறது. பள்ளி முடிந்ததும் கார் கழுவும் நிலையத்தில் வேலை செய்யும் அவன், தன் மாணவனுடைய காரின் சக்கரத்தையே மண்டியிட்டுத் தேய்க்க நேர்ந்து நகைப்புக்கு ஆளாகிறான். தன் பிறந்தநாள் விருந்திலேயே, போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான சகலை ஹேங்க் ஷ்ரேடரின் வீரப் பேச்சுக்குமுன் அவன் மங்கிப்போகிறான். இவற்றைக் கண்ட பார்வையாளர் அவன் நிமிர்ந்து நிற்கும் தருணத்திற்காகக் காத்திருக்கப் பழகுகின்றனர்.

பின்வரும் அத்தியாயங்கள் அத்தருணங்களை ஒவ்வொன்றாக வழங்குகின்றன. வேதியியல் கல்வி எதிரிகளை வீழ்த்தும் கருவியாகிறது. ஆபத்தின் நடுவே கலங்காத தறுகண்மை வளர்கிறது. ‘ஹைசன்பர்க்’ என்னும் புனைபெயர் குற்ற உலகில் அவனுக்கு இசையைத் தேடித்தருகிறது. குடும்பத்திற்குப் பணம் சேர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதால் கொடையின் சாயலும் அவனுக்குக் கிடைக்கிறது. பெருமிதத்தின் நான்கு களன்களும் குற்றத்தின் வழியே நிரம்புகின்றன என்பதே இத்தொடரின் சூழ்ச்சி. காண்போர் குற்றத்தை விரும்பினர் என்பதைவிட, இளிவரலில் கண்டவன் பெருமிதம் எய்துவதை விரும்பினர் என்பதே பொருத்தமாகும். ஆயினும் இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பைத் தொடர் காண்போரிடமே விட்டுவிடுகிறது.

இப்பின்னணியில் ஸ்கைலர் முதன்முதலாகத் தோன்றும் விதம் நோக்கத்தக்கது. பிறந்தநாள் காலையில் உடல்நலம் கருதி இறைச்சிக்கு மாற்றாகக் காய்கறிப் பண்டத்தைப் பரிமாறுகிறாள். சிறு தொகை ஒன்றுக்கு எந்தக் கடன் அட்டையைப் பயன்படுத்தினாய் எனக் கேட்கிறாள். அன்றிரவு நெருக்கமான வேளையிலும் இணைய ஏலத்தின்மீதே கண்ணாயிருக்கிறாள். கருவுற்ற நிலையில், பெருமூளை வாதம் உள்ள மகனையும் வளர்த்துக்கொண்டு, குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துபவளின் இயல்பான செயல்களே இவை. எனினும் அவை வால்டரின் இளிவரலைக் கூட்டும் காரணங்களாகவே காட்டப்படுகின்றன. அவள் ஒரு மனிதராக அறிமுகமாவதற்கு முன்பே தடையாக அறிமுகமாகிவிடுகிறாள். அவள் சிறுகதை எழுதுபவள் என்பதும், கணக்கெழுதும் பணியில் திறம்பெற்றவள் என்பதும் கதையில் உண்டு. ஆனால் அவளுடைய எழுத்து என்னவாயிற்று என்பதைத் தொடர் பின்தொடரவில்லை.

காண்போர் சுமத்திய குற்றங்கள்

ஸ்கைலரை விரும்பாத பார்வையாளர் கூறும் காரணங்களை நான்காகத் தொகுக்கலாம்: அவள் ஓயாது குறைகூறி நச்சரிப்பவள், கணவனுக்கு இரண்டகம் செய்தவள், குற்றத்தைக் கண்டித்துவிட்டுத் தானே அதில் பங்குகொண்ட போலி, குடும்பத்தின் பணத்தைப் பிறனுக்கு எடுத்துக் கொடுத்தவள். இவற்றைக் கதை நிகழ்வுகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

முதல் பருவத்தில் ஸ்கைலர் வற்புறுத்துவது பெரும்பாலும் ஒன்றையே: வால்டர் புற்றுநோய்ச் சிகிச்சை பெற வேண்டும் என்பதை. ஐந்தாம் அத்தியாயத்தில் குடும்பத்தார் அனைவரையும் கூட்டிப் பேசவைப்பதும் அதற்காகவே. அதே அத்தியாயத்தில் பழைய நண்பர்களான எலியட்டும் கிரெட்சனும் சிகிச்சைக்கு உதவ முன்வருகின்றனர், வால்டர் மறுத்துவிடுகிறான். குற்றமின்றிச் சிகிச்சை பெறும் வழி இருந்தும் தன்மானம் கருதி அவன் அதை அடைத்தான் என்பதைப் பார்வையாளர் அறிவர். அவ்வழி ஏன் அடைந்தது என்பதை ஸ்கைலர் அறியாள். அவள் கேள்விகள் நச்சரிப்பாகத் தோன்றுவதற்கு, விடைகள் காண்போருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதும் ஒரு காரணம். விடை தெரிந்தவருக்குக் கேட்பவரின் கேள்வி சலிப்பூட்டும். விடை மறைக்கப்பட்டவருக்கு அதுவே உயிர்நாடி.

இரண்டாவது குற்றச்சாட்டு மூன்றாம் பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தைச் சார்ந்தது. ஸ்கைலர் மணமுறிவு கோரியபின், வெளியேறியிருந்த வால்டர் அவள் விருப்பத்திற்கு மாறாக வீட்டுக்குத் திரும்புகிறான். அவள் காவலரை அழைக்கிறாள். அவன் சட்டத்தை மீறினானா எனக் காவலர் வினவும்போது, பிள்ளைகளின் நலன் கருதி அவளால் உண்மையைக் கூற இயலவில்லை. சட்டம் அவளுக்கு உதவ வழியில்லாது போகிறது. இதன் பின்னரே அவள் தன் மேலாளர் டெட் பெனெக்கியோடு உறவுகொண்டு, அதை வால்டரிடம் தானே அறிவிக்கிறாள். அச்செயலை அறமெனக் கூற வேண்டுவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய பருவத்திலேயே, ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறி இறப்பதைக் காப்பாற்றும் வாய்ப்பிருந்தும் வால்டர் நின்று பார்த்தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உயிரிழப்பைவிட மணவுறவின் மீறல் பெருங்குற்றமாக எண்ணப்பட்டது, குற்றங்களை நிறுத்த அளவுகோலைப் பற்றிக் கூறுகிறதேயன்றிக் குற்றத்தின் எடையைப் பற்றிக் கூறவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் ஓரளவு ஏற்புடையவை. வால்டர் முன்பு வேலைசெய்த கார் கழுவும் நிலையத்தை வாங்கச் செய்து, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் கணக்குகளை ஸ்கைலரே நடத்துகிறாள். நான்காம் பருவத்தில் டெட்டின் வரிப் பாக்கிக்காக 6 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை எடுத்துக் கொடுக்கிறாள். அவ்வரி விசாரணை தொடர்ந்தால் தன் கையொப்பம் உள்ள கணக்குகளும் கார் கழுவும் நிலையமும் அம்பலமாகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவள் குற்றமற்றவள் அல்லள். தொடரும் அவ்வாறு காட்டவில்லை. ஐந்தாம் பருவத்தில் ஜெஸ்ஸியைக் கொன்றுவிடலாம் எனும் யோசனையை வால்டரிடம் அவளே தூண்டுகிறாள். அறநோக்கில் அவளுடைய வீழ்ச்சியின் ஆழம் இதுவே. எனினும் அவள்மீதான பழிகளில் பொதுவாக முன்னிற்பவை நச்சரிப்பும் இரண்டகமுமே. கணவனின் வழியில் அவள் வந்து சேர்ந்ததைவிட, அவ்வழியை மறித்ததே மிகுந்த சினத்தை எழுப்பியது என இதனால் உணரலாம்.

அஞ்சினாளைக் காண்பவர்

காண்போருக்கும் மேடையில் நிகழ்வதற்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழ் உரைமரபில் இரு கருத்துகள் உள்ளன. இளம்பூரணர் எடுத்துக்காட்டும் செயிற்றியனார் கருத்துப்படி, நடத்துபவனிடம் தோன்றிய உணர்வு காண்பவரைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு. பேராசிரியரோ வேறொரு சிக்கலைச் சுட்டுகிறார். சிங்கத்தைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காண்கிறான். ஓடிவந்தவனுக்குள்ள அச்சம் கண்டவனுக்குப் பிறப்பதில்லை. நகையோ இரக்கமோதான் பிறக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். பாத்திரத்தின் உணர்வே காண்போர் உணர்வாகிவிடும் என்னும் எளிய நம்பிக்கையை இது மறுக்கிறது.

‘பிரேக்கிங் பேட்’ தொடரில் இவ்விரு நிலைகளும் ஒருங்கே செயற்படுகின்றன. வால்டரைப் பொறுத்தவரை செயிற்றியனார் கூறிய நிலை நிகழ்கிறது. அவன் திட்டமிடும்போது உடன் திட்டமிட்டு, அகப்படும் நிலையில் உடன் பதறி, தப்பும்போது உடன் மூச்சுவிடும் இடத்தில் காண்போர் வைக்கப்படுகின்றனர். ஸ்கைலரைப் பொறுத்தவரை பேராசிரியர் கூறிய நிலையே நிகழ்கிறது. அவள் அச்சம் வெளியிலிருந்து காணப்படுகிறது. அது இரக்கமாகவும் முடியலாம், எள்ளலாகவும் முடியலாம்.

நான்காம் பருவத்தின் ஆறாம் அத்தியாயம் இதற்குத் தெளிவான சான்று. கணவன் ஆபத்தில் இருப்பதாக அஞ்சும் ஸ்கைலர், காவல்துறையிடம் சென்றுவிடலாம் எனக் கெஞ்சுகிறாள். தான் ஆபத்துக்கு உள்ளானவன் அல்லன், தானே ஆபத்து எனவும், கதவைத் தட்டிச் சுடுபவன் தானே எனவும் வால்டர் முழங்குகிறான். உண்மையில் அப்போது அவன் முதலாளி கஸ் ஃபிரிங்கின் பிடியில் உயிருக்கு அஞ்சி வாழ்பவன். பொய்யான பெருமிதத்தால் மனைவியை அச்சுறுத்தும் காட்சியே அது. கேட்டு முடித்த ஸ்கைலரின் முகம் வெளிறுகிறது. பின்னர்க் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு நெடுந்தொலைவு சென்று, நான்கு மாநில எல்லைகள் கூடும் இடத்தில் நாணயத்தைச் சுண்டி எங்கே போவது எனத் தீர்மானிக்க முயல்கிறாள். ஆனால் அவ்வுரை சட்டைகளில் அச்சிடப்படும் வீர வாசகமாகப் பரவியது. பேசியவனின் பெருமிதத்தை ஏற்றவர், அப்பேச்சு யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை விட்டுவிட்டனர். சிங்கத்திடமிருந்து ஓடுபவளைக் கண்டவருள் ஒரு சாரார் சிங்கத்தின் பக்கம் நின்றே அவளைக் கண்டனர் எனலாம்.

ஐந்தாம் பருவத்தின் நான்காம் அத்தியாயமான ‘ஃபிஃப்டி ஒன்’ வேறு முறையை மேற்கொள்கிறது. வால்டரின் 51ஆம் பிறந்தநாள் விருந்தின் நடுவே ஸ்கைலர் உடுத்த உடையோடு நீச்சல் குளத்தில் இறங்கி மூழ்குகிறாள். பிள்ளைகளை அக்கொடுஞ்சூழலிலிருந்து அகற்றவே அவள் அவ்வாறு நடித்தாள் என்பது பின்னர் விளங்குகிறது. அன்றிரவு அவள் கூறும் ஒவ்வொரு வழியையும் வால்டர் அடைக்கிறான்: காவலரிடம் போனால் மகன் என்ன நினைப்பான், ஓடினால் எங்கே போவாய், மனநலம் குன்றியவள் எனச் சேர்க்கச் செய்தால் என்ன செய்வாய் என அடுக்குகிறான். இறுதியில், காத்திருப்பதைத் தவிரத் தன்னிடம் வழியில்லை என்றும், புற்றுநோய் மீண்டும் வரக் காத்திருப்பதாகவும் அவள் கூறுகிறாள். இக்காட்சியில் காண்போர் முதன்முறையாக அவளோடு அவ்வறைக்குள் அடைக்கப்படுகின்றனர். அவள் அச்சம் அவர்களையும் எய்துகிறது. அப்பருவத்திற்கெனவும் இறுதிப் பகுதிக்கெனவும் 2013, 2014 ஆண்டுகளில் அன்னா கன் துணை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்றார். ஆனால் அதற்கு முன் நான்கு பருவங்கள் கழிந்திருந்தன. காண்போர் தம் பக்கத்தைத் தேர்ந்து முடித்திருந்தனர்.

ஒப்பீட்டு நோக்கு

வெறுப்புக்குத் தடையாயிருத்தல் மட்டுமே காரணமா, பெண்ணாயிருத்தல் மட்டுமே காரணமா என்பதை அறிய ஒப்பீடு தேவை. அதே தொடரில் வால்டருக்குப் பெருந்தடை ஹேங்க். எனினும் அவன் பெரும்பாலும் விரும்பப்பட்ட பாத்திரமாகவே நிலைத்தான். ஹேங்கின் எதிர்ப்பு துரத்தலின் விறுவிறுப்பைக் கூட்டுகிறது. அவன் இருப்பதால் கதை வேகம்பெறுகிறது. ஸ்கைலரின் எதிர்ப்போ கதையையே நிறுத்தச் சொல்கிறது. அவள் விருப்பம் நிறைவேறினால் தொடரே இல்லை. கதை தொடர வேண்டும் என்னும் காண்போரின் ஆவலும் குற்றம் நிற்க வேண்டும் என்னும் அவள் வேட்கையும் நேரெதிராக மோதுகின்றன.

இதே குழுவினரின் ‘பெட்டர் கால் சால்’ தொடர் (2015–2022) மேலும் இரு சான்றுகளைத் தருகிறது. அதில் தம்பி ஜிம்மியின் ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் அண்ணன் சக் மக்கில் ஆணாயிருந்தும் பார்வையாளர் பலரின் கடுஞ்சினத்திற்கு ஆளானான். ஜிம்மியைப் பற்றிய அவன் கணிப்பு பெருமளவு சரியாயிருந்தும் அவன் மன்னிக்கப்படவில்லை. ஆகவே தடுப்பவர்மீதான வெறுப்பு பாலினத்தைக் கடந்தும் நிகழும். மறுபுறம் கிம் வெக்ஸ்லர் பெண்ணாயிருந்தும் பெரிதும் விரும்பப்பட்டாள். அவளுடைய தனிமை, உழைப்பு, தயக்கம், குற்றத்தில் அவள் காணும் இன்பம் யாவும் அவள் கோணத்திலிருந்தே காட்டப்பட்டன. பார்வைக்கோணம் கிடைத்த பெண் பாத்திரத்தைக் காண்போர் ஏற்றனர் என்பதற்குக் கிம் சான்று. அதே வேளையில், குற்றத்தில் உடன்பட்ட பெண்ணாயிருந்ததும் அவள் ஏற்கப்பட ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது.

எச்பிஓ அலைவரிசையில் 1999 முதல் 2007 வரை வெளியான ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் கார்மெலாவும் இவண் ஒப்பிடத்தக்கவள். குற்றக்கும்பல் தலைவனின் மனைவியாகிய அவள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தே வாழ்கிறாள். மூன்றாம் பருவத்தில் மனநல மருத்துவர் ஒருவர், கணவனை விட்டு நீங்குமாறும் குருதி படிந்த பணத்தை ஏற்க வேண்டாமெனவும் அவளிடம் நேரடியாகக் கூறுகிறார். தன் உடந்தையைத் தானே எதிர்கொள்ளும் வாய்ப்பை அத்தொடர் அவளுக்கு அளித்தது. ஸ்கைலருக்கு அத்தகைய காட்சி முற்றிலும் இல்லை எனக் கூற முடியாது. ஆனால் அரிதாகவும் காலந்தாழ்ந்தும் கிடைத்தது.

இவ்வொப்பீடுகளால் பெறப்படுவது வருமாறு: தடுப்பவரை வெறுக்கும் போக்கைக் கதையமைப்பு உண்டாக்குகிறது, அவ்வெறுப்பு எத்தகைய சொற்களை அணிகிறது, எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைச் சமூகத்தின் பாலின எதிர்பார்ப்புகள் தீர்மானிக்கின்றன. மனைவி பொறுத்துப்போக வேண்டும், கணவன் தரும் பணத்திற்கு நன்றியோடிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு ஸ்கைலர்மீதான வசைகளில் வெளிப்படையாகவே காணப்பட்டது.

பாத்திரமும் நடிகரும்

அன்னா கன் தம் கட்டுரையில், ஸ்கைலர் வழக்கமான மனைவி என்னும் வார்ப்புக்குள் அடங்காமையே அவள் வெறுக்கப்படக் காரணம் என்றும், பெண்களைப் பற்றிய சமூகத்தின் மனப்பாங்கை அளக்கும் கருவியாக அப்பாத்திரம் ஆகிவிட்டது என்றும் கருதினார். பாத்திரத்தை வெறுத்தவர் சிலர் நடிகரையும் பாத்திரத்தையும் பிரித்தறியாது போனது இவ்வாய்வின் நோக்கில் முக்கியமானது. கொலைகாரனாக நடித்தவர் கலைஞராகப் போற்றப்பட்டார். அவனைத் தடுக்கும் மனைவியாக நடித்தவர் அப்பாத்திரமாகவே தாக்கப்பட்டார். நடிப்பு என்னும் திரை ஒருவருக்குக் காப்பாகவும் மற்றவருக்குப் பயனற்றதாகவும் இருந்தது.

தொடரை உருவாக்கிய கில்லிகனின் கருத்திலும் காலப்போக்கில் மாற்றம் காணப்படுகிறது. 2013இல் அளித்த நேர்காணலில் அவர் ஸ்கைலரை வெறுப்போரைப் பெண்வெறுப்பாளர் என்றே வெளிப்படையாகச் சாடினார். 2022இல் ‘நியூயார்க்கர்’ இதழுக்கு அளித்த நேர்காணலிலோ, கதை முழுவதும் வால்டரின் கண்கள் வழியே சொல்லப்பட்டதால் தொடரே ஒருபக்கம் சாய்த்து அமைக்கப்பட்டிருந்தது என்னும் பொருள்படப் பேசினார்; வால்டர் இல்லாத காட்சிகளுக்கும் இது பொருந்தும் என்றார். முதற்கூற்று பொறுப்பைக் காண்போரிடம் வைத்தது. இரண்டாவது படைப்பினிடமும் வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. சாய்ந்த தளத்தில் வைத்த பொருள் உருளும் என்பது உண்மை. அதே தளத்தில் நின்ற பார்வையாளர் பலர் உருளாமல் ஸ்கைலரின் பக்கம் நின்று வாதாடினர் என்பதும் உண்மை.

தொடரின் மறுமொழி

காண்போரின் இச்சினத்தைத் தொடர் தன் இறுதியில் எதிர்கொண்டது என்று கொள்ள இடமுண்டு. 2013 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான ‘ஓசிமாண்டியஸ்’ அத்தியாயத்தில், ஹேங்கின் மரணத்தை உணர்ந்த ஸ்கைலர் கத்தியை ஏந்திக் கணவனை எதிர்க்கிறாள். வால்டர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பின்னர்த் தொலைபேசியில் அழைத்து அவளைக் கடுஞ்சொற்களால் வைகிறான்: நன்றி கெட்டவள், எப்போதும் குறைகூறுபவள், தன்னைப் பின்னிழுத்தவள் என்கிறான். காவலர் ஒட்டுக்கேட்பதை அறிந்தே பேசும் அவன், அவளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் நோக்கோடு தன்மேல் பழியை ஏற்கிறான் என்பது காட்சியின் ஒரு தளம். ஆனால் அவன் உதிர்க்கும் வசைகள், பார்வையாளர் ஆண்டுக்கணக்கில் ஸ்கைலர்மீது சொரிந்த வசைகளே என்பது மற்றொரு தளம். தாம் சொன்ன சொற்களை ஒரு குழந்தைக் கடத்தல்காரனின் வாயிலிருந்து கேட்கும் நிலைக்குக் காண்போர் உள்ளாக்கப்பட்டனர்.

இறுதி அத்தியாயமான ‘ஃபெலினா’வில் வால்டர் ஸ்கைலரை மீண்டும் சந்திக்கிறான். குடும்பத்திற்காகவே செய்தேன் என்னும் பேச்சு தொடங்கிவிடுமோ எனச் சலித்து அவள் இடைமறிக்க, தனக்காகவே செய்ததாகவும், அதை விரும்பியதாகவும், அதில் தான் தேர்ந்தவனாயிருந்ததாகவும் அவன் ஒப்புக்கொள்கிறான். பெருமிதத்திற்குப் போர்த்தியிருந்த கொடை என்னும் போர்வை இங்கே அவன் கையாலேயே அகற்றப்படுகிறது. வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும் குடிகோள், அதாவது குடிக்குக் கேடு சூழ்தல், யார் செய்த குற்றம் என்பது ஐயமின்றி வெளிப்படுகிறது. ஸ்கைலரின் வெகுளிக்கு உரிய களன் தொடக்கம் முதலே இருந்தது. அதைக் காண்போர் ஏற்க வால்டரின் வாக்குமூலம் தேவைப்பட்டது. அவள் சொன்னபோது நச்சரிப்பாகக் கேட்டது, அவன் சொன்னபோது உண்மையாகக் கேட்டது என்பது வருந்தத்தக்க முரண்.

முடிவு தெரிந்தபின் தொடரை மீண்டும் பார்த்தோர் பலர் ஸ்கைலரைப் பற்றிய தம் முந்தைய கருத்தை மாற்றிக்கொண்டதாகக் கூறுவதும் உண்டு. மறுபார்வையில் ‘அடுத்து என்ன’ என்னும் ஆவல் தணிகிறது. கதை நிற்கக்கூடாது என்னும் பதற்றம் இல்லாதபோது, கதையை நிறுத்தச் சொன்னவளின் குரல் முதன்முறையாகக் காதில் விழுகிறது. வெறுப்பில் பார்வைக்கோணமும் ஆவலும் வகித்த பங்கை இம்மாற்றமும் உறுதிப்படுத்துகிறது.

முடிவுரை

ஸ்கைலர் வைட்மீதான வெறுப்பு பாத்திரத்தின் செயல்களை மட்டும் எடைபோட்டு எழுந்த தீர்ப்பன்று. வால்டரை இளிவரலில் அறிமுகப்படுத்திப் பெருமிதத்திற்கு ஏற்றும் கதைப்போக்கு, காண்போரை அவன் அறிவுக்கும் உணர்வுக்கும் பங்காளிகளாக்கியது. ஸ்கைலரின் அச்சமோ நெடுங்காலம் வெளியிலிருந்தே காட்டப்பட்டது. பேராசிரியர் சுட்டியவாறு, பிறர் அச்சத்தைக் காண்பவருக்கு அச்சம் பிறப்பதில்லை. இரக்கத்திற்கும் எள்ளலுக்கும் இடையே தேர்வு ஒன்றே எஞ்சுகிறது. அத்தேர்வில் பெண்ணைப் பற்றிய சமூக எதிர்பார்ப்புகள் புகுந்து, எள்ளலைப் பகையாகவும், பாத்திரப் பகையை நடிகர்மீதான அச்சுறுத்தலாகவும் வளர்த்தன.

காண்போர் கருத்தை ஆராயும் திறனாய்வு, அக்கருத்தைத் தீர்ப்பாக ஏற்றலும் அறியாமை எனத் தள்ளலும் ஆகாது. காண்போர் எங்கே நிறுத்தப்பட்டனர், எதைக் காணுமாறு விடப்பட்டனர், எதைக் காணாமல் தாமே விட்டனர் என மூன்றையும் வேறுபடுத்தல் வேண்டும். முதலிரண்டுக்கும் படைப்பு பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவதற்குக் காண்போரே பொறுப்பு. எதிர்நாயகனை மையமாகக் கொண்ட குற்றவியல் தொடர்கள் எம்மொழியில் எழுதப்படினும், குற்றவாளியின் வீட்டில் அஞ்சி வாழ்பவருக்குக் கதை எத்தனை விரைவில் தன் கண்களைத் தருகிறது என்பது அவற்றை மதிப்பிடும் அளவுகோல்களுள் ஒன்றாதல் தகும்.